கண்ணாடித் தகட்டில் ஒரு வயிறு: குடல் லிம்போமாவை நுண்ணோக்கியில் எப்படி அடையாளம் காண்கிறோம்?

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன அத்தியாயத்தில எண்டோஸ்கோப்பி பற்றிப் பேசினோம். அதைக் கேட்ட நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "வயித்துல இருந்து சின்னதா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புறாங்களே, அங்க அதை என்னதான் பண்றாங்க? ரிசல்ட் வர ஏன் இத்தனை நாள் ஆகுது?" இன்னிக்கு அதுக்குத்தான் பதில். பதிலை ஒரே ஒரு நோயை வைத்துச் சொல்லப்போறேன். இரைப்பையிலும் குடலிலும் வரும் லிம்போமா, அதாவது நிணநீர் அணுக்களில் உண்டாகும் புற்றுநோய்.

நான் ஒரு பேதாலஜிஸ்ட். நோயாளிகள் பெரும்பாலும் எங்களைப் பார்ப்பதே இல்லை. ரிப்போர்ட்டில் கீழே ஒரு கையெழுத்து இருக்கும், அவ்வளவுதான் எங்களுக்கும் உங்களுக்குமான பழக்கம். ஆனா அந்தக் கையெழுத்துக்கு மேலே இருக்கும் இரண்டு வரியை வைத்துத்தான் மாத்திரையா, கீமோவா, ஆபரேஷனா என்று முடிவாகிறது.

முதலில் என்னுடைய ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.

நாலு துண்டு சதை

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஐம்பது வயசைத் தாண்டின ஒரு அம்மா. ரொம்ப நாளா நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், சாப்பாடு இறங்கலை, உடம்பு கொஞ்சம் இளைச்சிருக்கு. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் மடிப்புகள் தடிச்சிருந்தன, ஒரு இடத்தில் ஆழமில்லாத புண். நாலு துண்டு எடுத்து அனுப்பினாங்க. ஒவ்வொண்ணும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு இருக்கும்.

அந்தத் துண்டுகள் ஃபார்மலினில் ஊறி, தண்ணீர் நீக்கப்பட்டு, மெழுகுக் கட்டிக்குள் போகும். அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் 3, 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவாங்க. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அந்தச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி இரண்டு சாயம் ஏற்றுவோம். ஹெமடாக்ஸிலின் உட்கருவை நீலமாக்கும், இயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். நூறு வருஷத்துக்கும் மேலா உலகம் முழுக்க இதே இரண்டு சாயம்தான்.

நான் பார்த்தபோது சளிச்சவ்வு முழுக்க லிம்போசைட்டுகள். நடுநடுவே வட்ட வட்டமா லிம்பாய்டு ஃபாலிக்கிள்கள். சுரப்பிகளின் மேல் ஒட்டிக்கொண்டு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிகள். "நாள்பட்ட இரைப்பை அழற்சி, ஹெலிகோபாக்டர் உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு என் மேஜையில் இன்னும் நிறைய ஸ்லைடுகள் காத்திருந்தன.

அந்த அம்மாவை அப்புறம் பார்ப்போம்.

இரைப்பையில் லிம்போசைட்டுக்கு என்ன வேலை?

ஆரோக்கியமான இரைப்பையில் ஒழுங்காக அமைந்த நிணநீர்த் திசு கிடையாது. சிறுகுடலில் உண்டு, அதன் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்று கூட்டம் கூட்டமாகவே இருக்கும். இரைப்பையில் ஃபாலிக்கிள் தெரிந்தால், யாரோ வந்து கதவைத் தட்டியிருக்காங்க என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த ஆள் ஹெலிகோபாக்டர்தான்.

அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே எங்கள் துறைக்காரர் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற பேதாலஜிஸ்ட் 1979-ல் இரைப்பை பயாப்ஸிகளில் வளைந்த கிருமிகளைக் கவனித்தார். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று எல்லாரும் நம்பின காலம். பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இன்னொரு பக்கம், 1983-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஐசக்ஸன், டென்னிஸ் ரைட் என்ற இரண்டு பேதாலஜிஸ்டுகள் ஒன்றைச் சொன்னாங்க. குடல் பாதையில் வரும் சில லிம்போமாக்கள் கழுத்து, அக்குள் நெறிகளில் வரும் லிம்போமா மாதிரி இல்லை. சளிச்சவ்வுக்கே உரிய நிணநீர்த் திசுவிலிருந்து வருகின்றன என்றார்கள். அதைத்தான் இன்னிக்கு மால்ட் லிம்போமா என்கிறோம்.

இந்த இரண்டு கதையும் 1990-களில் ஒன்று சேர்ந்தன. 1991-ல் ஐசக்ஸன், வாதர்ஸ்பூன் குழுவினர் இரைப்பை மால்ட் லிம்போமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெலிகோபாக்டர் இருப்பதைக் காட்டினார்கள். 1993-ல் அதே குழு ஆறு நோயாளிகளுக்குக் கிருமியை மட்டும் அழித்துப் பார்த்தது. ஐந்து பேருக்கு லிம்போமா மறைந்தது. யோசிச்சுப் பாருங்க, ஒரு புற்றுநோய், ஆன்டிபயாடிக்கில்!

காரணம் இதுதான். இந்த பி லிம்போசைட்டுகள் ஆரம்பத்தில் சொந்தக் காலில் நிற்பதில்லை. கிருமியைப் பார்த்துத் தூண்டப்பட்ட டி லிம்போசைட்டுகள் தரும் ஊக்கத்தில்தான் பெருகுகின்றன. கிருமி போனால் ஊக்கம் போச்சு. ஆரம்ப நிலையில், கிருமியும் இருந்தால், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு இந்தச் சிகிச்சையே போதுமானதாக இருக்கிறது. ஆனா சிலருக்கு 11, 18 ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருக்கும். அப்போ அந்த செல்களுக்குக் கிருமி தேவையில்லை. ஆன்டிபயாடிக்குக்குப் பெரும்பாலும் அசையாது.

நான் தேடியிருக்க வேண்டியவை

சரி, அழற்சியையும் லிம்போமாவையும் ஸ்லைடில் எப்படிப் பிரிக்கிறோம்? இரண்டிலும் லிம்போசைட்டுதானே? மருத்துவ மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்க. அழற்சியில் பிளாஸ்மா செல், லிம்போசைட், நியூட்ரோஃபில் எல்லாம் கலந்து இருக்கும். திருவிழாக் கூட்டம் மாதிரி, எல்லா வகை ஆளும் இருப்பாங்க. லிம்போமாவில் ஒரே மாதிரி செல்கள் ஃபாலிக்கிளைச் சுற்றி அடர்த்தியாகப் பரவி, சுரப்பிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். சளிச்சவ்வுக்கு அடியில் இருக்கும் தசை இழைகளுக்குள்ளும் நுழையும்.

அடுத்து செல்லின் முகம். மால்ட் லிம்போமா செல் சாதாரண லிம்போசைட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. உட்கருவின் ஓரம் ஒழுங்கில்லாமல் மடிந்திருக்கும், சுற்றிலும் வெளிறின சைட்டோபிளாசம். சில செல்கள் பிளாஸ்மா செல் ஜாடைக்கு மாறியிருக்கும். அந்த உட்கருவுக்குள்ளேயே உருண்டையாக ஒரு பொருள் தெரிந்தால் அது டச்சர் உருண்டை. கண்டால் லிம்போமா சந்தேகம் வலுக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம்: லிம்போஎபிதீலியல் லீஷன். லிம்போமா செல்கள் கும்பலாகச் சுரப்பியின் சுவருக்குள் புகுந்து அதை உடைத்துவிடும். ஒன்றிரண்டு லிம்போசைட் சுரப்பிக்குள் போவது அழற்சியிலும் உண்டு. மூன்றோ அதற்கு மேலோ ஒன்றாகப் போய், சுரப்பியின் வடிவமே சிதைந்து, அதன் செல்கள் வழக்கத்தைவிடச் சிவந்து தெரிந்தால்தான் கணக்கில் எடுப்போம். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் சைட்டோகெராட்டின் சாயம் ஏற்றுவோம். அதில் சுரப்பி பழுப்பாகத் தெரியும்; உடைந்த சுரப்பி உடைந்த வளையல் துண்டுகள் மாதிரி கிடக்கும்.

நான்காவது, பெரிய செல்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பரவாயில்லை. விரிப்பு விரிச்ச மாதிரி கூட்டமாக இருந்தால் அது மால்ட் இல்லை. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்கிற வேகமான நோய்.

இதையெல்லாம் சேர்த்து வாதர்ஸ்பூன் 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார். 0 என்றால் இயல்பு. 1 வெறும் அழற்சி. 2 ஃபாலிக்கிள்களோடு கூடிய அழற்சி. 5 உறுதியான மால்ட் லிம்போமா. நடுவில் இருக்கும் 3, 4-தான் எங்களைத் தூங்கவிடாத எண்கள். 3 என்றால் சந்தேகம்தான், அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். 4 என்றால் சந்தேகம்தான், லிம்போமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு எண்ணும் வந்தால் கூடுதல் சாயம், ஆழமான சீவல், மறுபடியும் பயாப்ஸி என்று போகணும்.

அந்த அம்மாவுக்கு நான் மனசுக்குள்ளே போட்ட எண் 2.

பதினாலு மாசம் கழித்து

என் ரிப்போர்ட் "சாதாரண கேஸ்ட்ரைட்டிஸ்" என்றுதான் படிக்கப்பட்டது. அவங்க வெளியூர், அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. கிருமியை அழிக்கும் 14 நாள் மருந்து அவங்க கைக்கு வரவே இல்லை. மறுபடி வரச் சொல்லவும் யாருக்கும் தோணலை, ஏன்னா ரிப்போர்ட்டில் பயப்பட ஒண்ணும் இல்லை.

பதினாலு மாசம் கழித்து, நல்லா இளைத்துப்போய் வந்தாங்க. இந்த முறை புண் பெரிசு. பத்துத் துண்டு வந்தது. பெரிய செல்கள் விரிப்பாக இருந்தன. சிடி 20 சாயம் முழுக்கப் பிடித்தது. கேஐ 67 என்ற, பிரியும் செல்களைக் காட்டும் சாயம் பெரும்பாலான உட்கருக்களில் இருந்தது. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா. ஓரத்தில் ஒரு துண்டில் மட்டும் பழைய மால்ட் லிம்போமா மிச்சம் இருந்தது.

பழைய ஸ்லைடை எடுத்துவரச் சொன்னேன். மூன்றாவது துண்டின் ஓரத்தில், சீவும்போது கொஞ்சம் நசுங்கின இடத்தில், ஒரு லிம்போஎபிதீலியல் லீஷன். அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவினபோது மேலும் நாலைந்து கிடைத்தன. நான் பார்க்காத ஒன்றல்ல. பார்த்தும் நிற்காமல் கடந்து போன ஒன்று.

சிகிச்சை செய்யும் டாக்டரிடம் சொன்னேன். அவர், "அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். வார்டுக்குப் போனேன். பேதாலஜிஸ்ட் வார்டுக்குப் போவது எங்க ஊரில் அதிகம் நடக்காத விஷயம். அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்பவே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலேயே போயிருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டாங்க. "போயிருக்கலாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "சரி, இனிமே என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றாங்க.

ஆறு சுற்று கீமோ முடிந்தது. முடியெல்லாம் போய், மறுபடி முளைத்தது. நோய் திரும்ப வரவில்லை. ஆனா பதினாலு நாள் மாத்திரையில் முடிந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு அவங்க கொடுத்த விலை பெரிசு. அதுக்கப்புறம் அடர்த்தியான லிம்பாய்டு கூட்டம் இருக்கும் எந்த இரைப்பை பயாப்ஸியையும் ஆழமாகச் சீவிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இல்லாததை இருக்கு என்று சொல்வது

இதைக் கேட்டுட்டு, "அப்போ சந்தேகம் வந்தாலே லிம்போமா என்று எழுதிட்டா பாதுகாப்புதானே?" என்று தோணலாம். இல்லை. அதுக்கும் ஒரு கதை இருக்கு.

இருபத்தி சொச்சம் வயசுப் பையன். வலது அடிவயிற்றில் வலி, அப்பப்போ காய்ச்சல், எடை குறைவு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் எடுத்த பயாப்ஸியை வேறொரு இடத்தில் பார்த்து, "லிம்போமாவாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தாங்க. வீட்டில் அழுகை. கீமோவுக்கு நாள் குறிக்கும் முன்னால் அவங்க டாக்டர் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் இரண்டாவது கருத்துக்கு அனுப்பினார்.

அந்த இடத்தில் பேயர் திட்டுகள் இயல்பாகவே இருக்கும் என்று சொன்னேன் இல்லையா? அங்கே லிம்போசைட் அடர்த்தியாக இருப்பது நோயே இல்லை. இன்னொரு பொறி: பேயர் திட்டின் மேல் இருக்கும் எபிதீலியத்துக்குள் பி லிம்போசைட்டுகள் இயல்பாகவே குடியிருக்கும். இரைப்பையில் துப்புக் கொடுக்கும் அடையாளம், இங்கே ஏமாற்றிவிடும்.

சாயங்கள் ஏற்றினோம். பி செல்கள் ஃபாலிக்கிளுக்குள், டி செல்கள் அவற்றுக்கு இடையில், அவரவர் இடத்தில் ஒழுங்காக இருந்தன. ஃபாலிக்கிளின் மையத்தில் பிசிஎல் 2 புரதம் இல்லை. ஃபாலிக்குலர் லிம்போமா என்றால் பெரும்பாலும் இருந்திருக்கும். கடைசித் துண்டை ஆழமாகச் சீவினபோது கிரானுலோமா, நடுவில் கேசியேஷன் என்று சொல்லும் பாலாடைக்கட்டி போன்ற சிதைவு. ஜீல்-நீல்சன் சாயத்தில் சிவப்பாக இரண்டு மூன்று கிருமிகள். காசநோய்! ஆறு மாத மாத்திரையில் அந்தப் பையன் சரியாகிட்டான்.

நம்ம நாட்டில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் காசநோய், குரோன் நோய், லிம்போமா மூன்றும் ஒரே மாதிரி வேஷம் போடும். தலைகீழாகவும் நடக்கும்: லிம்போமாவுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்து மாசக்கணக்கில் காத்திருப்பது. அதைவிட மோசம், திசு எடுக்கும் முன்பே ஸ்டீராய்டு கொடுப்பது. ஸ்டீராய்டில் லிம்போமா செல்கள் கரைந்து போகும். அப்புறம் பயாப்ஸி எடுத்தால் செத்த செல்களைத்தான் பார்ப்போம். நோய் எங்கேயும் போயிருக்காது.

மற்ற முகங்கள்

குடல் லிம்போமா ஒரே நோய் இல்லை. வேகமாக ஒரு சுற்று சொல்லிடறேன்.

பெருங்குடல் முழுக்கச் சின்னச் சின்ன பாலிப்புகளாக இருந்தால் மேன்டில் செல் லிம்போமாவை நினைக்கணும். செல்கள் சின்னதாக, சாது மாதிரி தெரியும். சிடி 5, சைக்ளின் டி 1 இரண்டும் பிடிக்கும். சுரப்பிகளை உடைக்கும் பழக்கம் இதற்குப் பெரும்பாலும் கிடையாது. மால்ட் என்று தவறாக எழுதினால் சிகிச்சையே மாறிப்போகும்.

டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் வெள்ளை வெள்ளையாகக் குருணை மாதிரி தெரிந்தால் டியோடினல் ஃபாலிக்குலர் லிம்போமாவாக இருக்கலாம். பெயர் பயமாக இருக்கும், நடத்தை அமைதி. பல பேருக்கு மருந்தே இல்லாமல் கண்காணித்தால் போதும்.

குழந்தைகளில் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு அவசரமாக வந்தால், சில நேரம் அடியில் பர்கிட் லிம்போமா இருக்கும். ஸ்லைடில் கருநீலச் செல்களுக்கு நடுவே, செத்த செல்களை விழுங்கின மேக்ரோபேஜ்கள் வெளிறித் தெரியும். விண்மீன் நிறைந்த வானம் என்போம். கேஐ 67 ஏறக்குறைய நூறு சதவீதம். இதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில், ஏராளமான வருஷங்களுக்குப் பிறகு ஒரு சிலருக்கு டி செல் லிம்போமா வரும். குடலின் விரல் போன்ற நீட்சிகள் தட்டையாகி, எபிதீலியத்துக்குள் டி செல்கள் குவிந்திருக்கும். சீலியாக் நோயோடு தொடர்பே இல்லாத, சிடி 56 பிடிக்கும் இன்னொரு வகை ஆசியர்களிடம் கூடுதலாகத் தென்படுகிறது.

நீங்க என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கும் எண்டோஸ்கோப்பி செய்யும் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்றிரண்டு துண்டு போதாது. புண்ணிலிருந்தும், பக்கத்திலிருந்தும், பார்க்க நல்லா இருக்கும் இடத்திலிருந்தும் நிறைய எடுங்க. எண்டோஸ்கோப்பியில் என்ன பார்த்தீங்க என்று படிவத்தில் எழுதுங்க. "வயித்து வலி" என்று இரண்டே வார்த்தை போட்டு அனுப்பினால், நாங்க சாவித் துவாரம் வழியாக வீட்டைப் பார்க்கிற மாதிரிதான்.

நோயாளிகளுக்கும் வீட்டுக்காரங்களுக்கும் மூன்று விஷயம். ரிப்போர்ட்டில் ஹெலிகோபாக்டர் என்று இருந்தால், "இதுக்கு மருந்து எழுதியிருக்கீங்களா, முடிச்சப்புறம் கிருமி போச்சான்னு எப்போ பார்க்கணும்?" என்று கேளுங்க. லிம்போமா என்று வந்தால், கீமோ தொடங்கும் முன் இரண்டாவது பேதாலஜி கருத்து கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் வேணும், கேட்டால் கொடுப்பாங்க. மூன்றாவது, ரிசல்ட் தாமதமானால் பதறாதீங்க. கூடுதல் சாயங்களுக்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில்தான் 3-ம் 4-ம் பிரிகின்றன.

மால்ட் லிம்போமாவுக்குக் கிருமி மருந்து முடித்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்லைடில் லிம்போமா உடனே மறையாது. சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். சரியாகும்போது சளிச்சவ்வு காலியான வீடு மாதிரி தெரியும். சுரப்பிகளுக்கு நடுவே வெற்றிடமும் சில பிளாஸ்மா செல்களும் மட்டும் இருக்கும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், வளராத வரை பொறுமையாகக் கண்காணிக்கலாம். டாக்டர் சொன்ன தேதியில் எண்டோஸ்கோப்பிக்குப் போறதை மட்டும் விட்டுடாதீங்க.

அந்த அம்மாவின் பழைய ஸ்லைடை, பெயரையும் எண்ணையும் மறைத்து, ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களுக்குக் கொடுப்பேன். எதுவும் சொல்லாமல் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேருக்கு மேல் "கேஸ்ட்ரைட்டிஸ் மேடம்" என்பாங்க. அப்புறம் மூன்றாவது துண்டின் ஓரத்துக்கு ஸ்லைடை நகர்த்திக் காட்டுவேன்.

அடுத்த அத்தியாயத்தில், பல பேர் கேட்டிருந்த சீலியாக் நோய் பற்றி விரிவாகப் பேசலாம். சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க. உங்க ரிப்போர்ட்டை வைத்து இங்கே என்னால் மருத்துவ ஆலோசனை சொல்ல முடியாது, பொதுவான கேள்விகளுக்குப் பதில் சொல்றேன்.